உரிமையாளர், சட்டம், அவ்வப்போது

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தொலைத்தொடர்புச் சட்டம் குடியிருப்பதற்கு நீதான் காரணம். வேறு யார் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. செல்போன் கோபுரத்துக்கு இடம் விடும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எழுதியது யாரோ, அந்த ஆள் நீ. உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. கை மட்டும் தெரியும். சோம்பேறிக் கை.

இரண்டு வாக்கியமாக எழுத வேண்டியதை ஒன்றாக எழுதினாய். "உரிமையாளர், சட்டம் ஆகிய சொற்கள், அவரவர்க்குப் பதிலாக அவ்வப்போது வருகிறவர்களையும் குறிக்கும்." உரிமையாளர் என்றால் நான். காளியண்ணன், மாட்டுத் தரகு, வியாழச் சந்தை. சட்டம் என்றால் சட்டம். நாளைக்கு நான் செத்தால் என் இடத்துக்கு ஒருத்தர் வருவார், சட்டம் செத்தால் அதன் இடத்துக்கு இன்னொரு சட்டம் வரும். நீ சொல்ல வந்தது அவ்வளவுதான். அதை ஒரே மூச்சில், யாருக்குப் பதில் யார் என்று பிரிக்காமல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டத்தை முழுப்பேர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதினால் அது அந்த விலாசத்துக்குக் கிளம்பி வந்துவிடும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் 'உரிய சட்டங்களுக்கு உட்பட்டு' என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். உரியது எது என்று எந்தச் சட்டத்துக்கும் தெரியாது. எதுவும் கிளம்பாது. எண்ணெய்க்கடை நாச்சிமுத்து ஒருமுறை எடையளவுச் சட்டத்தைப் பேர் சொல்லி எழுதிவிட்டார். அது இன்றைக்கும் அவர் தராசின் இடது தட்டில் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறது. வலது தட்டில் அதற்கு ஈடாக ஒரு கல்லை நிரந்தரமாக வைத்துவிட்டு அவர் வியாபாரம் பார்க்கிறார்.

உனக்கு இதெல்லாம் தெரியாது. நீ குளிர் அறையில் உட்கார்ந்து எழுதுகிற ஆள்.

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவன் ஜெயசீலன், கம்பெனி ஆள். வாயால் பேச வந்தவனைக் கட்டிலில் உட்காரவைத்து எங்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டேன். எங்கள் தொழிலில் பேரம் துண்டுக்கடியில்தான். விரலைப் பிடித்தால் எண், அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"சார், கால்குலேட்டர்லயே போட்டுக் காட்டிடறேனே," என்றான்.

"வெரலக் குடு தம்பி."

என்னை எவனும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்ததில்லை. சந்தையில் நின்று படித்தேன். தப்பாகப் படித்த அன்றைக்கு மாடு உதைத்தது, வியாபாரியும் உதைத்தான். அந்தப் படிப்பை வைத்து, எண் இருந்த இடத்திலெல்லாம் அவனை வியர்க்க வைத்தேன். முதல் பக்கத்தில் எண்ணே இல்லை. 'சொல்விளக்கம்' என்று தலைப்புப் போட்டிருந்தது.

"இதென்னப்பா?"

"அது ஒண்ணுமில்ல சார். வார்த்தைக்கு அர்த்தம்."

அர்த்தத்துக்கு எந்த ஊரில் பேரம் பேசுகிறார்கள்? மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பேன், சுழி பார்ப்பேன். காகிதத்துக்குச் சுழி எங்கே இருக்கும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. நீ அதை முதல் பக்கத்திலேயே, நெற்றிக்கு நடுவே வைத்திருந்தாய்.

கோபுரம் எழும்பிய வாரமே சட்டம் வந்தது. சாயங்கால பஸ்ஸில், ஒரு தகரப்பெட்டியோடு. ஒல்லியான உருவம், வெள்ளைச் சட்டை. பின்னால் அதன் விதிகள் வரிசையாக வந்தன. முழங்கால் உயரம் இருக்கும். ஒன்றின் சட்டை வாலை இன்னொன்று பிடித்திருந்தது.

"என்னைச் சொன்னது இங்கேதானே?" என்று கேட்டது.

"நான் எவனையும் சொல்லலே."

அது முதல் பக்கத்தைக் காட்டியது. 'இனி சட்டம் எனப்படும்' என்று அதில் இருந்ததால், தன் முழுப்பேரைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்தது. அந்தப் பேர் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மழை பெய்தால் துளசிமணி எடுத்து உள்ளே வைப்பாள்.

துளசிமணி என் சம்சாரம். அன்றைக்கு ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சுட்டு என்னத்தப் பேசறீங்கோ? உள்ள வாங்கோ சட்டத்தய்யா. இந்தப் பொடிசுக எல்லாம் உங்களுதுங்களா?"

"என் கீழ் வந்தவை."

"கீழ வந்ததோ மேல வந்ததோ, சாப்புட்டாச்சா?"

மாடியில் கோபுரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சட்டம் அதில் தங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் தொந்தரவு அதிகமில்லை. குறி, சைகை, ஒலி, உருவம், எதை எந்த வழியில் அனுப்பினாலும் அது செய்தி என்று உன் முதல் பக்கத்தில் இருக்கிறது இல்லையா, அதன்படி அது தன் வேலையைப் பார்த்தது. எங்களுக்குள் சண்டை வந்து அடுப்பங்கரையில் பாத்திரம் 'டங்' என்று விழுந்தால், மாடிப்படியிலிருந்து தலையை நீட்டும்.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தானுங்," என்பாள் துளசிமணி.

"சேர்ந்ததா?" என்று என்னைக் கேட்கும்.

"சேந்துச்சு, சேந்துச்சு!"

தலையை இழுத்துக்கொள்ளும்.

சந்தைக்கும் கூடவே வந்தது. ஓலப்பாளையம் ரங்கசாமியோடு ஒரு காங்கேயம் பசுவுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். துண்டுக்கடியில் மூன்றாவதாக ஒரு கை வந்தது.

"தரகரே, இதாரு கையிங்க? சில்லுனு இருக்குது."

"சட்டத்தோடது."

"சரீங்," என்றார் ரங்கசாமி. மேற்கொண்டு பேசினோம். மாடு படிந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சொல்லவேண்டியது வேறு. கவனமாகக் கேள்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் 'ஏனுங்' என்று கூப்பிடலாம். கண்டக்டரைக் கூப்பிடலாம், கலெக்டரைக் கூப்பிடலாம். ஆனால் அடுப்பங்கரையிலிருந்து, முகத்தைத் திருப்பாமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து ஓர் 'ஏனுங்' வரும். அது எனக்கு மட்டும். கல்யாணமான நாளிலிருந்து துளசிமணி என்னை வேறு எப்படியும் குறிப்பிட்டதில்லை. ஊருக்கு நான் தரகர், பத்திரத்தில் காளியண்ணன். என்னுடைய சரியான பேர் அந்த 'ஏனுங்'தான். ஊரெல்லாம் கத்திச் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்குத் தோள் இறங்கும்.

ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பங்கரையிலிருந்து அந்த 'ஏனுங்' வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து 'ம்ம்' என்று பதில் போனது. சட்டம் என் கட்டிலில் உட்கார்ந்து, என் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

"துளசி, இதென்ன?"

"அவ்வப்போதுங்," என்றாள்.

"என்ன அவ்வப்போது?"

"உங்களுக்குப் பதிலா அவ்வப்போது வருவாருன்னு இருக்குதில்லீங். இப்ப வந்திருக்குது."

"எப்பப் போவும்?"

"அது தெரிஞ்சா அதுக்கு அவ்வப்போதுன்னா பேரு வெப்பாங்க?"

"அப்ப நான்?"

சட்டம் டம்ளரைக் கீழே வைத்தது. "அவரவர்க்குப் பதிலாக," என்றது. "மேலே இடம் காலியாக இருக்கிறது."

மேலே போனேன். விதிகள் காத்துக்கொண்டிருந்தன. நான் நடந்தால் என் சட்டை வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன. கோபுரம் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல. கொட்டகையில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக வடக்கே நடந்தேன், தெற்கே நடந்தேன். கீழே என் எருமைக்கு யாரோ சரியாகத் தவிடு கலக்கிற சத்தம் கேட்டது.

ஊர்க்காரர்கள் படியேறி வந்தார்கள்.

"சட்டத்தய்யா, போன் எடுத்தா பக்கத்து ஊட்டுக்காரன் பேசறது கேக்குதுங்."

"என்ன பேசறான்?"

"எங்களப் பத்தித்தான். நல்லபடியாத்தான் பேசறான்."

"அப்பக் கேட்டுட்டே இரு. போ."

திருப்தியாகத்தான் போனார்கள். என் தீர்ப்புகள் சுருக்கமாக இருக்கின்றன என்று பேச்சு.

மறுபடியும் கீழே வந்தேன், மறுபடியும் மேலே போனேன். அவ்வப்போது எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. குளிக்கும்போது வந்தால் பாதிச் சோப்போடு படியேறினேன். சோற்றில் கை வைத்ததும் வந்தால் பிசைந்ததை அது சாப்பிட்டது. ராத்திரி படுத்தாலும் ஒரு கால் தரையில் இருக்கும். உனக்கு ஒரு சொல். எனக்கு அது மாடிப்படி.

ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தம் வந்தது. அப்போது மேலே இருந்தது நான் என்பதால் என்மேல் வந்தது. வலது கை நடுவிரல் நீக்கப்பட்டது. வலியில்லை. விரல் இருந்த இடத்தில், நீக்கப்பட்ட வரிக்குப் பதிலாக அச்சில் போடுவார்களே, அந்த மாதிரி மூன்று நட்சத்திரக்குறி இருந்தது.

அந்த வியாழக்கிழமை ரங்கசாமி துண்டுக்கடியில் கையைத் தடவிப் பார்த்தார்.

"தரகரே, நடுவுல என்னமோ நறுநறுங்குதே?"

"நட்சத்திரக்குறி."

"அதுக்கு என்னங்க எண்ணு?"

"எண்ணில்ல. நீக்கப்பட்டதுன்னு அர்த்தம்."

ரங்கசாமி யோசித்தார். "அப்பக் கன்னுக்குட்டிய நீக்கிப்போடலாமுங்," என்றார். கன்று இல்லாமல் பசு மட்டும் கைமாறியது. கன்று இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. அது யாருடையது என்று சொல்ல முடியாது.

நான் துளசிமணியிடமே கேட்டுவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு வித்தியாசமே தெரியறதில்லையா?"

"தெரியாம என்னங்? நீங்க சட்டமா இருக்கறப்ப சித்த மெதுவாப் பேசறீங்கோ. நல்லாத்தான் இருக்குது."

"அவரு?"

"அவரு நீங்களா இருக்கறப்பக் கோவப்படறாரு. உப்பு கொறஞ்சா தட்டத் தள்றாரு. அப்புறம் தானே எடுத்து வெச்சுச் சாப்புடறாரு. பாவமா இருக்குதுங்."

"அப்ப எவனப் பாத்து நீ ஏனுங்கறே?"

அவள் ஒரு தண்டை ஒடித்தாள். "திரும்பறது யாருன்னு மொதல்லயே பாத்துட்டு எப்படிங் கூப்புடறது? கூப்புட்டாத்தானே திரும்புவீங்கோ," என்றாள்.

எழுந்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன். எவனும் என்னை அனுப்பவில்லை. சும்மா.

எனக்கு மிஞ்சியிருந்தது துண்டு ஒன்றுதான். சட்டத்தைப் பிடித்து வாசல் திண்டில் உட்காரவைத்தேன். துண்டைப் போட்டேன். துளசிமணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகை உனக்கு, என்றேன் விரலால். கோபுர நிழல் உனக்கு. எருமைக் கொட்டிலில் பாதி உனக்கு. விதிகளுக்கு நானே சோறு போடுகிறேன். அந்த 'ஏனுங்' எனக்கு.

அதன் கை என் கையைப் பிடித்தது. அதன் நடுவிரலை அடையாளம் கண்டேன். முட்டியில் தழும்பு இருந்தது, மாட்டுக்கயிறு அறுத்த தழும்பு. என் விரல். என்னிடம் நீக்கியதை அங்கே சேர்த்திருந்தார்கள். என் விரலை வைத்தே என்னிடம் பேரம் பேசியது. நன்றாகப் பேசியது. உதறியது.

கட்டில் உனக்கு, என்றேன். காப்பி டம்ளர் உனக்கு. மறுபடியும் உதறியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டுக்கடியில் கை இருக்கும்போது வாயைத் திறந்தால் தொழிலுக்கே கேவலம். திறந்தேன்.

"ஊட்ட எடுத்துக்க! தொழில எடுத்துக்க! அந்தக் கூப்பாட்ட மட்டும் உட்டுர்றா!"

சட்டத்துக்கும் முகம் சிவந்தது. கத்தியது. என் குரலில்தான் கத்தியது.

"அதை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை! அது உரிமையாளருடையது!"

"உரிமையாளன் நான்!"

"நானும்தான்!"

"ரெண்டு பேரும் துண்டுக்குள்ள கைய உட்டுட்டுக் கத்துனா ஒல கொதிச்சிருமா?" என்றாள் துளசிமணி. "ஏனுங், ஒரு கொடம் தண்ணி எடுத்தாங்கோ."

இருவரும் எழுந்தோம். பேரம் படியாமல் கையை எடுக்கக் கூடாது என்பது சந்தை வழக்கம். ஒரே குடத்தை இருவருமாக, துண்டுக்கடியில் கையைப் பிடித்தபடியே தூக்கி வந்தோம். இன்றைக்கும் அந்தப் பேரம் படியவில்லை. சாப்பிடும்போதும் மாடிப்படி ஏறும்போதும் மட்டும் இருவர் சம்மதத்தோடு கையை எடுத்துக்கொள்கிறோம்.

ஜெயசீலனை வரவழைத்தேன். முதல் பக்கத்தை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். அவன் அந்த வாக்கியத்தைப் படித்தான். தலையைச் சொறிந்தான்.

"நடுவுல ஒரு முற்றுப்புள்ளி வெச்சா சரியாயிரும் சார்."

"வெய்யி."

"எனக்கு அதிகாரமில்ல சார். எங்க ஆபீஸ்ல காற்புள்ளி வரைக்கும்தான் குடுப்பாங்க. முற்றுப்புள்ளியெல்லாம் எழுதினவங்க கையில இருக்கும்."

"எழுதினவன் யாரு?"

"அது யாருக்கும் தெரியாது சார். வந்துட்டே இருக்கும், நாங்க கையெழுத்து வாங்கிட்டே இருப்போம்."

பையிலிருந்து ஒரு கைப்பிடிக் காற்புள்ளியை எடுத்து, இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு எதற்கு அது? எருமைக்கு வைத்தேன். தின்றுவிட்டது. அன்றையிலிருந்து அசைபோட்டுக்கொண்டே இருக்கிறது, விழுங்குகிறபாடில்லை.

கடைவீதியிலும் கேட்டேன். முற்றுப்புள்ளி இல்லை என்கிறார்கள். உன்னிடமிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே உன் வழியிலேயே வருகிறேன். இந்த எழுத்தில் 'நீ' என்றால் அந்த முதல் பக்கத்தை எழுதிய ஆள், அந்த ஆளுக்குப் பதிலாக அவ்வப்போது வருகிறவர்களும் சேர்த்து. முழுதாகக் குறிப்பிட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் கிளம்பி வர இது போதும்.

இதை மாடியில் இருந்துதான் எழுதுகிறேன். சற்று முன்பு மறுபடியும் அவ்வப்போது வந்தது. விதிகள் என் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் படிக்கின்றன. சாயங்கால பஸ் நின்றுவிட்டுப் போகிறது. யாரோ தகரப்பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம்.

கீழே அடுப்பங்கரையிலிருந்து, முகத்தைத் திருப்பாமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, துளசிமணி கூப்பிடுகிறாள்.

"ஏனுங்..."

கட்டிலிலிருந்து ஒரு குரல் 'ம்ம்' என்கிறது. மாடியிலிருந்து நான் 'ம்ம்' என்கிறேன். வாசலிலிருந்தும் ஒரு குரல் 'ம்ம்' என்கிறது.

உலையில் இன்னொரு பிடி அரிசி போடுகிற சத்தம் கேட்கிறது.

வாசலில் நிற்பது நீ. நீ யாரென்று நான் கேட்கப்போவதில்லை. பேரைக் கழற்றிச் செருப்போடு வை, அங்கே ஏற்கெனவே ஒன்று கிடக்கும், மிதிக்காதே. பெட்டியைத் திற. முற்றுப்புள்ளியை எடு. அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டி, உரிமையாளர் முடிகிற இடத்தில் அதை வை. அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்.